தந்தி வந்த காலம்

இந்தியாவிலே 2013 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆம் திகதி இரவோடு தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, கடைசித் தந்தியை அனுப்பி வைப்பதற்கென்றே மக்கள் வரிசையில் நின்றனர் என்று பத்திரிகையிற் படித்தேன். நின்றோருட் பலர் அதற்கு முன் ஒரு தந்தியேனும் கண்டறியாத இளைஞர்கள். தந்தியை வேடிக்கையாக அனுப்பலாம் என்பது எம் தலைமுறையினருக்கு விளங்காத காரியம். படலையடியிலே தந்திச் சேவகனின் சைக்கிள் மணி கேட்டால், அடுப்பிலிருந்த உலையையும் மறந்து பெண்கள் ஓடிவந்த காலம் எங்களுடையது.

இலங்கையிலே தந்தி 1858 இல், கொழும்புக்கும் காலிக்கும் இடையே தொடங்கிற்று. காலியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்பு அணை எழாத அந்நாளில், ஐரோப்பியத் தபாலைச் சுமந்துவந்த நீராவிக் கப்பல்கள் காலியிலேயே நங்கூரமிட்டன. கம்பி வருமுன் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை அங்கிருந்து செய்திகளைப் புறாக்கள் மூலம் கொழும்புக்கு வரவழைத்தது. கிரிமிய யுத்தச் செய்திகளும் அவ்வாறே வந்தன. நம் புலவர்கள் அன்னத்தையும் கிளியையும் தூதுவிட்டது கற்பனை. காலிப் புறாவோ மெய்யாகவே தூது சென்றது!

1844 இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி அனுப்பிக் காட்டிய மோர்ஸின் பெயரால் வழங்கும் குறியீட்டை ஆசிரிய நண்பர்கள் ஒருமுறை ஊன்றி நோக்கவேண்டும். ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயிலும் 'ஈ' என்ற எழுத்துக்கு ஒரே புள்ளி. 'ரீ' என்ற எழுத்துக்கு ஒரே கோடு. அருகி வருவனவற்றுக்கு நீண்ட குறிகள். எவ்வெழுத்து மிகுதி என்றறிய, மோர்ஸின் துணைவரான ஆல்பிரட் வெயில் அச்சுக்கூடத்து எழுத்துக்களை எண்ணிப் பார்த்தார் என்பர். பின்னர் வந்த சர்வதேச முறையில் இடைவெளிக்கும் அளவு வகுத்தனர். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் மூன்று புள்ளி நேரம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஏழு புள்ளி நேரம். மௌனமும் அங்கே இலக்கணத்தில் ஒரு பகுதி.

எம்மூருக்கு வந்த தந்திகள் யாவும் ஆங்கிலத்திலேயே வந்தன. என் தகப்பனார் பாடசாலைச் சட்டம்பியார். ஆகையால் உறையைப் பிரியாமலே அதனைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் விறாந்தைக்கு வருவார்கள். தம் வீட்டுச் செய்தியை அயலான் ஒருவன் வாயாற் கேட்கவேண்டிய நிலை! "சட்டம்பியார், இதை ஒருக்காப் பாருங்கோ" என்று நீட்டும் கை நடுங்கும்.

ஐயா முதலில் வாய்க்குள் வாசிப்பார். நல்ல செய்தியாயின் அடுத்த கணமே, "பிள்ளைக்கு வேலை கிடைச்சிட்டுது, போய்ப் பொங்குங்கோ" என்பார். தீய செய்தியாயின் தாளை மடித்து வைத்துவிட்டு, வந்தவரை இருக்கச் செய்து, தண்ணீர் கொண்டுவரும்படி அம்மாவிடம் சொல்வார். பின்பு என்னை அழைத்து, அவருடைய தமையனாரையோ மாமனாரையோ கூட்டிவர அனுப்புவார். நான் சைக்கிளை எடுக்கும்போதே பின்னால் அழுகுரல் எழும். எழுத்தறியாத அக்கிழவிகள் ஐயாவின் மௌனத்தை வாசித்துவிட்டார்கள்.

தந்தி எழுதிக் கொடுப்பதும் ஐயாவே. சொல்லுக்குச் சொல் காசு என்பதால் ஆங்கில இடைச்சொற்களெல்லாம் முதலில் வெட்டுண்டு போகும். அவர் எழுதியவற்றுள் மிகுதியானது ஒன்றே: 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.' தாயின் இடத்தில் தகப்பன் வரலாம். மற்றைச் சொற்கள் மாறா. இறந்தோர் விடயத்திலும் 'சீரியஸ்' என்றே எழுதுவது அக்கால வழக்கு. இதனால் வந்த கேடும் உண்டு. மெய்யாகவே நோயுற்ற தாயைப் பற்றி எழுதினாலும் மகன் அவளை இறந்தவளாகவே எண்ணினான். உண்மையைச் சொல்வதற்குச் சொல்லே இல்லாமற் போயிற்று.

1967 இல், மாரிகாலத்தில் ஒருநாள், அயல்வீட்டுக் கைம்பெண் விடியற்காலையில் காலமானார். ஒரே மகன் கொழும்பிலே எழுதுவினைஞர். ஐயா வழக்கம்போல எழுதியதைக் கண்ட தாய்மாமன், "சீவன் போய்விட்டுது. பிறகேன் சீரியஸ் எண்டு எழுதிறியள்?" என்று கேட்டார்.

"அவன் இரவு மெயிலிலே தனியே வரவேணும். சுன்னாகம் மட்டும் அவனுக்குப் பக்கத்திலே ஆர் இருக்கினம்?" என்றார் ஐயா.

மறுநாட் காலை அவர் வந்து சேர்ந்தார். பையைத் திறந்தபோது, தோய்த்து மடித்த வெள்ளை வேட்டியும் சால்வையும் மேலே இருந்தன. அவற்றின் கீழே, செத்தவீட்டுச் செலவுக்கென்று கந்தோரிலே முற்பணமாகப் பெற்ற காசு ஒரு கடித உறையில் இருந்தது.