கம்பியில் பறக்கும் இரட்டை இயந்திர வானூர்தி

ஆடிக் காற்றில் பட்டம் விடாத சிறுவர் நம் வட்டாரத்தில் அரியர். பட்டம் விட்டவர் எவரும் ஓர் உண்மையைத் தம் விரல் நுனியால் அறிந்திருப்பர். நூல் விறைப்பாக இருக்கும் வரையில்தான் பட்டம் நம் சொற்கேட்கும். நூல் தொய்ந்துவிட்டால் அது நம்முடையது அன்று. கம்பிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்தி என்னும் பொருள் பற்றி எழுதப் புகும் எனக்கு அந்தப் பட்டத்து நூலே முதற்கண் நினைவுக்கு வருகிறது. இம்மாதிரியைக் கட்டுவதில் உள்ள நுட்பங்களுள் பெரும்பாலானவை அந்த ஒரு விறைப்பைக் காப்பதற்காகவே ஏற்பட்டவை. இயந்திரம் ஒன்றாக இருந்தால் அது எளிது. இரண்டாகிவிட்டால் சிக்கல் தொடங்குகிறது.

இவ்வகை வானூர்தி இன்று எங்கும் காணப்படும் டிரோனைப் போல் வானொலி அலையால் இயக்கப்படுவதன்று. பறக்கவிடுபவர் வட்டத்தின் நடுவில் நிற்பார். அவர் கையில் ஒரு கைப்பிடி. அதன் மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் புறப்பட்டு வானூர்தியின் இடச்சிறகுக்குள் நுழையும். அங்கே பெல்கிராங்க் எனப்படும் சிறு முக்கோணத் துண்டு ஒன்று ஆணியில் சுழலுமாறு பொருத்தப்பட்டிருக்கும். மணிக்கட்டை மேல்நோக்கிச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், முக்கோணம் திரும்பும், அதனோடு இணைந்த தள்ளுகம்பி வாலிலுள்ள அசையும் தகட்டை உயர்த்தும், ஊர்தி மேலேறும். கீழே சாய்த்தால் இறங்கும். இடமும் வலமும் இதற்கு இல்லை. வட்டமே அதன் வழி. பறக்கவிடுபவரும் அதனோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருக்க வேண்டியதுதான். (முதன்முறை கைப்பிடியைப் பற்றுபவர்க்குத் தலைசுற்றுவது இயல்பு.)

இம்முறையைப் பரவச் செய்தவர் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தைச் சேர்ந்த ஜிம் வாக்கர். 1940 ஆம் ஆண்டளவில் 'யூ கண்ட்ரோல்' என்னும் பெயரால் இதனை வணிகத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே வேளையில் மூன்று மாதிரிகளைப் பறக்கவிட்டுக் காட்டிய வித்தகர் அவர். வேகம், சாகசம், குழு ஓட்டம், மோதல் என்னும் நான்கு பிரிவுகளில் இன்றும் உலகப் போட்டிகள் நிகழ்கின்றன. நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவினர்க்கு இது அந்நியமான பொருள் அன்று. மாதிரி வானூர்திக் கலை அவர்தம் பயிற்சியில் ஒரு பகுதி. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் கம்பிக் கட்டுப்பாட்டுப் பறத்தல் ஒரு போட்டியாகவே வைக்கப்படுகிறது. கொல்கத்தாவில் 'அரோரா' என்னும் பெயரில் செய்யப்பட்ட சிறு டீசல் இயந்திரங்களை நம் மாணவர் பலர் சுழற்றி விரல் சிவந்ததுண்டு.

என் மருமகனும் அப்படிச் சிவந்தவன்தான். மதுரையில் கல்லூரிப் படிப்பும் விமானப் பிரிவுப் பயிற்சியுமாக இருந்தவன், ஒரு கோடை விடுமுறையில் இராசபாளையத்தில் எங்கள் இல்லத்துக்கு ஓர் அட்டைப்பெட்டியுடன் வந்து சேர்ந்தான். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவனுக்குக் கொண்டுவந்த பெட்டி அது. திறந்தால் உள்ளே வரைபடத்தாள், அச்சில் வெட்டிய பால்சாத் தகடுகள், ஒட்டுப்பலகைத் துண்டுகள், கம்பிக் கால்கள், சக்கரங்கள், முக்கோணத் துண்டு. தனியே ஒரு சிறு பெட்டியில் 0.8 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரண்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவே இருந்தது. "இந்தச் சவ்வு மாதிரிப் பலகை வானத்தில் தாங்குமா?" என்று என் தமக்கையார் கேட்டார்.

தாங்கும். பால்சா தென் அமெரிக்காவுக்குரிய மரம். மாதிரிகளுக்குப் பயன்படும் நல்ல பால்சா, அதே பருமனுள்ள தண்ணீரின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே இருக்கும். 'பால்சா' என்னும் ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்று பொருள். 1947 இல் ஹெயர்டாலும் தோழர்களும் பசிபிக் பெருங்கடலில் கோன் டிக்கி என்னும் தெப்பத்தைச் செலுத்தியது இம்மரத்தைக் கட்டித்தான். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பயன்படுத்திய 'மசுகிட்டோ' என்னும் இரட்டை இயந்திர விமானத்தின் உடற்பகுதி, இரு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டதாகும். 1940 நவம்பர் 25 இல் அது முதன்முறை பறந்தது. ஆகவே எங்கள் பெட்டியில் இருந்த பொருள் மெய்யான விமானத்தைச் சுமந்து காட்டிய பொருளே.

கட்டும் வேலை எளிதாகத் தோன்றும், பொறுமையை விழுங்கிவிடும். கோணலற்ற பலகை ஒன்றின்மீது வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாதிருக்க அதன்மேல் பாலித்தீன் தாளைப் பரப்பி, அதன்மீதே சிறகைக் கட்ட வேண்டும். முன்விளிம்பு, பின்விளிம்பு, நடுவே விலா எலும்புகள் போன்ற குறுக்குத் துண்டுகள் என ஒவ்வொன்றையும் குண்டூசியால் இருத்தி வெண்பசையால் ஒட்டி ஓர் இரவு உலரவிட வேண்டும். அவசரப்பட்டு ஊசியை எடுத்தால் சிறகு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய சிறகு பறக்கும்போது ஒருபக்கம் சாயும். அதைப் பின்னர் திருத்துவது கடினம். இயந்திரங்களைத் தாங்கும் ஒட்டுப்பலகைகளை மட்டும் அரால்டைட் பசையால் ஒட்டினோம். எரிபொருளும் எண்ணெயும் அவ்விடத்தில் தெறித்துக்கொண்டே இருக்குமாதலால் வெண்பசை அங்கு உதவாது.

இரண்டு சிறகுப் பாதிகளும் நடுவில் கூடும் மூட்டுத்தான் ஊர்தி முழுமைக்கும் வலுக்குன்றிய இடம். ஒற்றை இயந்திரம் மூக்கில் அமர்ந்திருக்கும். இரட்டையிலோ இரண்டும் சிறகின்மேல் அமர்ந்து மூட்டை அசைத்துக்கொண்டே இருக்கும். அம்மூட்டின்மேல் மெல்லிய துணியைப் பசையில் தோய்த்துச் சுற்ற வேண்டும் என்று வரைபடத்தில் குறிப்பு இருந்தது. பெட்டியில் துணி இல்லை. "அது இல்லாமலே போதும் மாமா" என்றான் மருமகன். நானும் தலையசைத்துவிட்டேன். இராசபாளையத்திற்கு அருகில் உள்ள சத்திரப்பட்டியில் தறிதோறும் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்படுகிறது. நாடெங்குமுள்ள மருத்துவமனைகளுக்கு அது செல்கிறது. அத்தகைய ஊரின் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு முழம் துணிக்குச் சோம்பியதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இனி விறைப்புக்கு வருவோம். எங்கள் மாதிரியின் எடை ஏறத்தாழ 300 கிராம்; கம்பியின் நீளம் 35 அடி, அதாவது 10.7 மீட்டர். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறந்தால் 67 மீட்டர் சுற்றளவை மூன்றரை நொடிக்குள் சுற்றிவிடும். அப்போது கையில் உணரும் இழுவை ஒரு கிலோகிராம் எடைக்குச் சற்று மிகுதி. வேகம் பாதியானால் இழுவை பாதியாகும் என்று எண்ணுவோர் உளர். அது நான்கில் ஒன்றாகிவிடும். இழுவை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் வேகம் குறையும் வேளையிலும் கம்பி தொய்யாதிருக்கக் கட்டும்போதே பல ஏற்பாடுகள் செய்து வைப்பர். வெளிச்சிறகின் நுனியில் சிறு ஈயத் துண்டு ஒன்றைப் புதைப்பர். இது உள்சிறகின்மேல் விழும் கம்பிகளின் எடையை ஈடுசெய்யும். சுக்கானைச் சற்றே வெளிப்புறம் திருப்பி ஒட்டுவர். கம்பிகள் சிறகு நுனியிலிருந்து வெளிவரும் இடத்தை ஊர்தியின் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னே அமைப்பர். அதனால் மூக்கு எப்போதும் சிறிதளவு வெளிநோக்கியே இருக்கும்.

எரிபொருட்கலத்திலும் இதே கணக்கு உண்டு. சுழற்சியில் எரிபொருள் கலத்தின் வெளிப்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே உறிஞ்சுகுழலின் வாய் அந்த மூலையிலேயே இருக்க வேண்டும்.

கம்பிக்கு மாற்றாக முறுக்கிய பருத்தி நூலைக் கட்டினால் என்ன என்று பஞ்சாலையில் நெடுநாள் பணியாற்றிய அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். அவருக்கு நூலின் கவுண்ட் தெரியும், வலிமையும் தெரியும். இடையூறு வலிமையில் இல்லை. பருத்தி நூல் இழுத்தால் நீளும். கையில் ஓர் அங்குலம் சாய்த்தாலும் அந்த அங்குலத்தை நூலே விழுங்கிவிட்டால் வாலுக்குச் செய்தி போய்ச் சேராது. மிகச் சிறிய மாதிரிகளுக்கு மட்டும் டேக்ரான் நூலைப் பயன்படுத்துவதுண்டு. இதைக் கேட்டபின் அவரே கம்பி முனைகளை முடிச்சிட்டுத் தந்தார். முடிந்ததும் மாதிரியின் எடையைப்போல் பத்து மடங்கு எடையைத் தொங்கவிட்டுச் சோதித்தோம்.

இயந்திரத்தின் உணவு மெத்தனால், ஆமணக்கெண்ணெய், சிறிதளவு நைட்ரோ மீத்தேன். எரிபொருளைப் பற்றவைப்பது தீப்பொறி அன்று. தலையிலுள்ள பிளாட்டினக் கம்பிச்சுருள். 1.5 வோல்ட் மின்கலத்தால் அதனைச் சிவக்கச் செய்து தொடங்கினால், பின்னர் மின்கலத்தை எடுத்துவிடலாம். மெத்தனால் எரியும் வெப்பத்தாலும் பிளாட்டினத்தின் வினையூக்கத்தாலும் சுருள் தானே சிவந்திருக்கும். மெத்தனால் கொடிய நஞ்சு என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. சிறிதளவு உட்கொண்டாலும் கண்ணும் உயிரும் போகும். எங்கள் வீட்டில் அந்தப் புட்டி பூட்டிய அலமாரியில்தான் இருந்தது.

இராசபாளையத்தில் நாங்கள் பார்த்த வெளிகளில் மின்கம்பிகள் குறுக்கிட்டன. எஃகுக் கம்பியின் முனையில் பறக்கும் பொருள் மின்கம்பியைத் தொட்டால் கைப்பிடியைப் பிடித்தவர் பிழைப்பது அரிது. ஆகவே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வடகிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றோம். ஊரை ஒட்டிய கண்மாய் ஒன்று கோடையில் வறண்டு கிடந்தது. தொலைவில் பெரிய கோபுரம், மேற்கே மலை, தலைக்குமேல் ஒரு கம்பியும் இல்லை. விடியற்காலையில் காற்றும் இல்லை.

அன்று நிகழ்ந்த பிழைக்கு நானே பொறுப்பு. மருமகன் ஊசிக்குழலில் எரிபொருளை எடுத்துக்கொண்டு, "மாமா, எதுல எவ்வளவு ஊத்தட்டும்?" என்றான். "ரெண்டும் இரட்டைப் பிள்ளைதானே, சமமா ஊத்து" என்றேன். நடுநிலை என்று நினைத்துச் சொன்ன சொல் அது. கைக்கு எட்டிய உட்பக்க இயந்திரத்தை அவன் முதலில் தொடக்கினான். அது உடனே பாடியது. வெளிப்பக்கத்தது முரண்டு பிடித்தது; இரண்டு நிமிடம் கழித்தே எழுந்தது. அதற்குள் உட்பக்கத்தது தன் பங்கில் பெரும்பகுதியைக் குடித்துவிட்டதை நாங்கள் இருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஊர்தி எழுந்தது. இரண்டு இயந்திரங்களின் ஒலியும் சேர்ந்தும் பிரிந்தும் ஒரு தாளம்போல் கேட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர் மூவர் வட்டத்தின் விளிம்பை நோக்கி ஓடிவந்தனர். நான் அவர்களைத் தடுக்கக் கையை நீட்டிய நொடியில் உட்பக்க இயந்திரம் நின்றது.

அப்போது நடந்ததை விளக்குவது எளிது, நிற்பது கடினம். உயிரோடிருந்த வெளிப்பக்க இயந்திரம் வெளிச்சிறகை மட்டும் முன்னே தள்ளியது. மூக்கு வட்டத்தின் உள்ளே திரும்பியது. ஊர்தி நடுவில் நின்றவனை நோக்கியே வந்தது. கம்பிகள் துவண்டு தரையைத் தொட்டன. கைப்பிடியை எப்படிச் சாய்த்தாலும் வாலுக்குத் தெரியாது. மருமகன் பயிற்சி பெற்றவன். திரும்பிப் பாராமல் பின்னோக்கி ஓடினான். கம்பி ஒரு கணம் விறைத்தது, மீண்டும் தொய்ந்தது. ஊர்தி அவன் தலைக்குமேல் கடந்து, அச்சிறுவர்களுக்குப் பத்தடி முன்னால் தரையில் குத்தியது. சிறகு நடுமூட்டில் இரண்டாகப் பிளந்தது. சுழல்விசிறி ஒன்று முறிந்து எங்கோ போயிற்று. அச்சிறுவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இதுவே மாறி நிகழ்ந்திருந்தால், அதாவது வெளிப்பக்க இயந்திரம் முதலில் நின்றிருந்தால், உட்பக்கத்தது உள்சிறகைத் தள்ளும். மூக்கு வெளிநோக்கித் திரும்பும். வேகம் குறைந்தாலும் கம்பி விறைப்பாகவே நிற்கும். ஆகையால் இரட்டை இயந்திர மாதிரியில் எரிபொருளைச் சமமாக ஊற்றுதல் கூடாது. உட்பக்கக் கலத்தில் மிகுதியாகவும் வெளிப்பக்கக் கலத்தில் குறைவாகவும் ஊற்ற வேண்டும். தொடக்கும்போது வெளிப்பக்கத்ததை முதலிலும் உட்பக்கத்ததைப் பின்னும் தொடக்க வேண்டும். இரு விதிகளும் ஒரே நோக்கத்திற்காக: வெளியிலுள்ளது முன்னே ஓய வேண்டும்.

இல்லம் திரும்பியதும் சத்திரப்பட்டித் துணியில் இரண்டங்குலச் சுருள் ஒன்றை மருந்துக்கடையில் வாங்கினோம். பிளந்த மூட்டைப் பால்சாத் துண்டுகளால் நிரப்பி ஒட்டி, துணியைப் பசையில் தோய்த்து மூன்று சுற்றுச் சுற்றினோம். உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் வண்ணம் பூசினான். எடை சில கிராம் கூடியது. கைப்பிடியிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டிக்கொண்டான். அதை முதல் நாளே கட்டியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து அதே கண்மாய்க்குச் சென்றோம். இம்முறை 60 அடி தொலைவில் வட்டமாகச் சுண்ணாம்புப் பொடி தூவி, ஆடு மேய்க்கும் சிறுவர்களை அதற்கு அப்பால் அமரச் செய்தேன். அதுவே என் பணி. வெளிப்பக்கத்ததை முதலில் தொடக்கினான். பின்பு மற்றதை. இருபது, முப்பது சுற்றுகள். பின் ஒரு குரல் அடங்கியது. நின்றது எது என்று எனக்கு ஒலியால் தெரியவில்லை; கம்பியைப் பார்த்தேன். அது விறைப்பாகவே நின்றது. ஒற்றைக் குரலோடு அது மேலும் சில சுற்றுகள் தாழ்வாகச் சுற்றி, அதுவும் அடங்கியபின், கண்மாயின் மணற்பாங்கான மூலையில் சக்கரம் பதித்து உருண்டு நின்றது. சிறுவர்கள் கோட்டைத் தாண்டி ஓடிவந்தனர். நான் குனிந்து முதலில் தடவிப் பார்த்தது சிறகின் நடுமூட்டைத்தான். ஆமணக்கெண்ணெய் பிசுபிசுத்தது, துணி எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை.