ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சட்ட மேசை: வெம்பக்கோட்டைக்கு ஏன் வேண்டும்?

காயத்துக்குக் கட்டுப் போடும் இடத்திலேயே இழப்பீட்டுக்கும் வழி சொல்ல முடியுமா? பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை.

வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் 2024 பிப்ரவரி 17 அன்று பட்டாசு ஆலை வெடித்து 10 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2021 பிப்ரவரி 12 அன்று, சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நடந்த விபத்து 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தை விருதுநகர் மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. இத்தகைய பெரிய விபத்துகளின்போது அமைச்சர்கள் வருகிறார்கள், நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, இறந்தவர்களின் பெயர்கள் நாளிதழ்களில் வருகின்றன. கலவை அறையில் வெடிமருந்து உராய்ந்து ஒரே ஒருவருக்குக் கை வெந்துபோனால் யாரும் வருவதில்லை. அவரைப் பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்கிறார்கள். முதலுதவிக்குப் பின் சிவகாசிக்கோ மதுரைக்கோ அனுப்புகிறார்கள். அதன் பிறகு அவருடைய பிழைப்பு என்ன ஆனது என்று கேட்பார் இல்லை.

இப்படி விடுபட்டுப் போகிறவர்களுக்காக உலகின் சில நாடுகளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நோயாளி வரும் மருத்துவ நிலையத்திலேயே சட்ட உதவியாளர் ஒருவரை உட்கார வைப்பதுதான் அது. வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை சுற்றுவட்டாரத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தும் அளவுக்கு வேறு எந்த ஊருக்கும் பொருந்துமா என்பது சந்தேகமே.

முதல் வரியிலேயே தொடங்கும் வழக்கு

விபத்தில் காயம்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதப்படும். இதன் நகலைத்தான் ஊரில் ‘ஏ.ஆர். காப்பி’ என்கிறார்கள். பெயர், வயது, கூட்டி வந்தவர் யார், விபத்து எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி நடந்தது, காயம் எவ்வளவு ஆகியவை அதில் இருக்கும். பின்னாளில் போலீஸ், தொழிலாளர் துறை, காப்பீட்டு நிறுவனம், நீதிமன்றம் என்று எங்கே போனாலும் முதலில் கேட்கும் காகிதம் இதுதான்.

‘வெடி ஆபீஸ்’ என்று ஊரில் சொல்லும் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பலருக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கில் வருகிறது. கையில் சம்பளச் சீட்டு இருக்காது. வேலைக்குச் சேர்ந்த ஆணை இருக்காது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவராக இருப்பார். அப்படிப்பட்ட தொழிலாளிக்கு, ‘இன்ன ஊரில் இன்ன பட்டாசு ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது வெடித்ததாகச் சொல்கிறார்’ என்று பதிவேட்டில் ஏறும் ஒரு வரியே வேலைக்கான சாட்சியாகவும் ஆகிவிடுகிறது. கூட்டி வந்தவர் பயந்துபோய், ‘வீட்டில் சமைக்கும்போது தீப்பிடித்துவிட்டது’ என்று சொன்னால் அதுவும் அப்படியே பதிவாகும். பிறகு அதை மறுத்து உண்மையை நிரூபிக்க வேண்டிய சுமை காயம்பட்டவர் தலையில் விழும்.

தீக்காயத்தின் அளவும் இப்படித்தான். அச்சங்குளம் விபத்தைத் தானாக முன்வந்து விசாரித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இறந்தவர்களின் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. காயம்பட்டவர்களுக்கான தொகையை அது தீக்காயத்தின் சதவீதப்படி பிரித்தது. 50 சதவீதத்துக்கு மேல் என்றால் 15 லட்சம், 25 முதல் 50 வரை என்றால் 10 லட்சம், 5 முதல் 25 வரை என்றால் 5 லட்சம். ஆக, மருத்துவர் 24 என்று எழுதுவதற்கும் 26 என்று எழுதுவதற்கும் இடையே 5 லட்சம் ரூபாய் வித்தியாசம். நெருக்கடியில் அவசரமாக எழுதப்படும் ஓர் எண்ணுக்கு இவ்வளவு கனம் உண்டென்பது எழுதுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், காயம்பட்டவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டப்படி எவ்வளவு வரும்?

தீர்ப்பாயம் தலையிடாத விபத்துகளுக்கும் சட்டம் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் நூறாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இழப்பீட்டைக் கணக்கிடும் முறை அடிப்படையில் பழையதுதான்.

40 வயதுத் தொழிலாளி, மாதக் கூலி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் இறந்தால் கூலியில் பாதியான 6,000 ரூபாயை, அந்த வயதுக்கு அட்டவணை தரும் காரணியான 184.17-ஆல் பெருக்க வேண்டும். வருவது 11,05,020 ரூபாய். உயிர் பிழைத்து, நிரந்தரமாக எந்த வேலையும் செய்ய முடியாமல் போனால் பாதிக்குப் பதில் 60 சதவீதம் கணக்கு. அப்போது 13,26,024 ரூபாய். விரல்கள் மடங்கிப்போய், சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டதாக மருத்துவர் சான்று தந்தால் அதில் 30 சதவீதம், அதாவது ஏறக்குறைய 3,98,000 ரூபாய். பழைய சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்குள் முதலாளி பணத்தைக் கட்டத் தவறினால் 12 சதவீத வட்டியும், தக்க காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும்.

இ.எஸ்.ஐ.யில் பதிவானவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு மாதாமாதம் ஊனமுற்றோர் பலனும், இறந்தால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் பலனும் உண்டு. தான் எந்த வழியில் போக வேண்டும் என்பதைச் சொல்லவே தொழிலாளிக்கு விவரம் அறிந்த ஒருவர் தேவைப்படுகிறார்.

பிணவறை வாசலில் நடக்கும் பேரம்

இங்கே நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது. சாவு நேர்ந்தால் உறவினர்கள் உடலை வாங்க மறுத்து ஆஸ்பத்திரி முன்பு உட்காருவார்கள். அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடக்கும். ஆலைத் தரப்பு ஒரு காசோலையும் ஈமச்சடங்குக்கு ரொக்கமும் தரும். கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்று நினைத்துக் குடும்பம் ஊர் திரும்பும்.

முடிந்துவிடவில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923 சட்டத்தின் 17-வது பிரிவு தெளிவாகச் சொன்னது. சாவு நேர்ந்த வழக்கில் பணத்தை ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், குடும்பத்திடம் நேரில் தந்தது இழப்பீடாகக் கணக்கில் ஏறாது என்றது 8-வது பிரிவு. முன்பணமாகத் தரும் சிறு தொகை மட்டுமே விலக்கு. பிணவறை வாசலில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் அந்த நேரத்தில் இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய அநியாயங்களில் ஒன்று.

கோரிக்கைக்குக் கால வரம்பும் உண்டு. பழைய சட்டத்தில் அது இரண்டு ஆண்டுகள். தோல் ஒட்டுச் சிகிச்சை, மறுபடி அறுவை, வீட்டில் படுக்கை என்று அலைகிறவருக்கு இரண்டு ஆண்டு என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

இலவசச் சட்ட உதவி யாருக்கு?

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-வது பிரிவில் பட்டியல் தருகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தொழில் பேரிடரில் பாதிக்கப்பட்டோர் அனைவரும் அதில் உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பட்டாசு ஆலையில் காயம்பட்ட ஒரு பெண் இந்தப் பட்டியலில் மூன்று இடங்களில் வருகிறார். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம் எதுவும் அவர் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, முன்பின் தெரியாத நீதிமன்ற வளாகத்துக்குள் நுழைந்து விசாரிக்கத் துணிகிறவர்கள் மிகச் சிலரே. அதே பெண் காய்ச்சலுக்கும் குழந்தையின் தடுப்பூசிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தயக்கமின்றி வருகிறார்.

பிற இடங்களில் எப்படி?

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் பேரி சக்கர்மேன் என்ற குழந்தை மருத்துவர் 1993-இல் இதைத் தொடங்கினார். மருந்து கொடுத்தும் குழந்தைகளின் ஆஸ்துமா தணியவில்லை. காரணம், அவர்கள் குடியிருந்த வாடகை வீடுகளின் ஈரமும் பூஞ்சையும். வீட்டைச் செப்பனிட உரிமையாளரை வற்புறுத்த மருந்துச் சீட்டால் முடியாது, வக்கீலால் முடியும் என்று கண்டு, மருத்துவமனையிலேயே வக்கீலை அமர்த்தினார். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளில் சட்ட ஆலோசகர்கள் அமர்வது பல ஆண்டு வழக்கம். ஆஸ்திரேலியாவிலும் மருத்துவ நிலையங்களும் சட்ட உதவி மையங்களும் கைகோத்து இதைச் செய்கின்றன.

நம் நாட்டில் மிக நெருங்கிய உதாரணம் ராஜஸ்தான். கல் குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலை அரிக்கும் சிலிகோசிஸ் நோய்க்காக அந்த மாநிலம் 2019-இல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. அரசு மருத்துவ நிலையத்தில் பரிசோதனை தொடங்குகிறது, நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய் கிடைக்கிறது, இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். எந்தக் குவாரியில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தாய் என்று ஏழையை அலைக்கழிக்காமல், மருத்துவச் சான்றிலிருந்தே நிதி உதவிக்கான பாதை தொடங்குகிறது.

இங்கே என்ன செய்யலாம்?

புதிய சட்டம் தேவையில்லை. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2011 விதிமுறைகள் கிராம அளவில் சட்ட உதவி மையங்கள் அமைக்க இடம் தருகின்றன. பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்கள் திட்டம் 2009 முதல் இருக்கிறது. மனநல மருத்துவமனைகளில் சட்ட உதவி மையம் வைக்க 2015-ஆம் ஆண்டுத் திட்டம் ஒன்று வழிகாட்டியிருக்கிறது. அங்கே முடிவது ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முடியும்.

வாரத்தில் குறித்த நாளில் ஒரு தன்னார்வலர் புறநோயாளிகள் பிரிவுக்கு அருகே ஒரு மேசையில் உட்காரட்டும். பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்துப் பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அமர்த்தினால் இன்னும் நல்லது. ஏ.ஆர். காப்பி வாங்கித் தருவது, காயச் சான்று, மாற்றுத்திறனாளி அட்டை, நல வாரியப் பதிவு, விதவை உதவித்தொகை ஆகியவற்றுக்கு மனு எழுதித் தருவது அவர் வேலை. வழக்காக மாறும் விஷயங்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவர் அனுப்புவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். வீட்டில் முடங்கிக் கிடப்பவர்களைப் பற்றி அவர்கள் இந்த மேசைக்குத் தகவல் சொல்லலாம். குடும்ப வன்முறையால் காயம்பட்டு வரும் பெண்களுக்கும் இந்த மேசை துணையாகும். அவர்களுக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டமே மருத்துவ நிலையத்துக்குக் கடமை விதித்திருக்கிறது.

தயக்கங்கள் நியாயமானவை

ஏற்கெனவே கூட்டத்தில் திணறும் மருத்துவர், சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிவருமோ என்று அஞ்சுவார். முழுமையான பதிவேடுதான் அவருக்கும் பாதுகாப்பு. சட்ட மேசை இருந்தால் நோயாளியின் மனு, சான்று வேலைகள் அவரைவிட்டுப் போகும். தொழிலாளியின் பயம் இதைவிடப் பெரியது. புகார் கொடுத்தால் அந்த ஆலையில் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் எங்குமே வேலை கிடைக்காமல் போகலாம். அதனால் நோயாளி சொல்வது அவர் சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. கமிஷன் கேட்கும் தரகர்கள் அந்த மேசைப் பக்கமே வரக் கூடாது. தன்னார்வலரின் பெயரும், உதவி முற்றிலும் இலவசம் என்ற அறிவிப்பும் சுவரில் தெரியும்படி இருக்க வேண்டும்.

சிவகாசி வட்டாரத் தொழிலாளர்களுக்காக உச்ச நீதிமன்றம் பேசியது இன்று நேற்றல்ல. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர்களுக்கு 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்று அது சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தில்லியில் எழுதப்படும் தீர்ப்பு ராமுதேவன்பட்டித் தெருவுக்கு வந்து சேர, நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி போட மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையமும் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் போதும். வெம்பக்கோட்டையில் இதைத் தொடங்கிப் பார்க்கட்டும்.

அதுவரை காயம்பட்டவரின் குடும்பம் மூன்று காரியங்களைச் செய்யலாம். விபத்து நடந்த இடத்தை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் 15100 என்ற தேசியச் சட்ட உதவி எண்ணை அழையுங்கள்.