துருவும் சுண்ணமும்

ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-இல் தொடங்கிவைத்த பழங்கார்ப் பவனியில், தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான 1914-ஆம் வருஷத்து ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி தில்லி வீதிகளில் உருண்டு வருவதைக் கண்டு வியந்தோர் பலர். ஆனால் அத்தகைய வண்டிகளின் ஆயுளை நிர்ணயிப்பது வெளியே மின்னும் பித்தளையன்று, உள்ளே மறைந்திருக்கும் வார்ப்பிரும்பு என்ஜின் பிளாக்கே என்பதை அறிந்தோர் சிலரே.

சிலிண்டர்களைச் சுற்றி நீர் ஓடுவதற்கென வார்ப்பிலேயே விடப்பட்ட குறுகிய வழிகளில் இரு விரோதிகள் குடியேறுகின்றன. இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடுவதால் பிறப்பது துரு. தில்லியின் பல பகுதிகளில் கிடைக்கும் கடினமான நிலத்தடி நீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டும்போது, அதில் கரைந்துள்ள சுண்ணச்சத்து உஷ்ணத்தால் பிரிந்து சுவரில் இறுகுவது சுண்ணப்படிவு. வெப்பத்தைக் கடத்தும் சக்தியில் இப்படிவு இரும்பிற்குப் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே சூடு வெளியேற வழியின்றி என்ஜின் கொதித்து, முடிவில் பிஸ்டன் இறுகி நின்றுவிடுகிறது.

என்ஜினை முற்றிலும் பிரித்து, பக்கச் சுவர்களிலுள்ள வட்டத் தகட்டு மூடிகளைக் கழற்றி, உள்ளிருக்கும் சேற்றைக் கம்பியாலும் நீர்ப் பாய்ச்சலாலும் வெளியேற்றிய பின், எலுமிச்சையின் புளிப்பாகிய சிட்ரிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்து நிரப்பினால், சுண்ணம் நுரைத்துக் கரையும். நுரை அடங்கியதும் கொட்டிக் கழுவிவிட வேண்டும். அவசரப்பட்டுக் கடுமையான ஹைட்ரோகுளோரிக் திராவகத்தை ஊற்றுவோர் சுண்ணத்தோடு இரும்பையும் இழப்பர்.

துருவுக்கு உகந்தது மின்பகுப்பு. சலவைச் சோடா கரைத்த நீரில் பிளாக்கை அமிழ்த்தி, 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதனோடும், நேர்முனையை அதைத் தொடாமல் நிற்கும் பழைய இரும்புத் தகடுகளோடும் இணைத்தால், மேனியெங்கும் சிறு குமிழிகள் எழ, செந்துரு கருமையாகித் தளர்ந்து, தேய்த்த மாத்திரத்தில் உதிர்ந்துவிடும். முனைகள் மாறினால் பிளாக்கே கரையும். எவர்சில்வர் தகடு வைத்தால் நஞ்சான குரோமியச் சேர்மங்கள் நீரில் கலக்கும். குமிழிகளில் எழுவது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் என்பதால், இவ்வேலையை நெருப்பண்டாத திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும். தகட்டை நேர்நோக்கிய பரப்புகளிலேயே மின்சாரம் நன்கு வேலை செய்யும். ஆகவே உள்வழிகளுக்குள் சுவரைத் தொடாதபடி தனிக் கம்பியொன்றைச் செலுத்துவது அவசியம். வெளியே எடுத்த ஈர இரும்பு சில நிமிஷங்களிலேயே மறுபடியும் சிவக்கத் தொடங்கும். உடனே வெந்நீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவுதல் வேண்டும்.

அதே தில்லியில், மெஹ்ரௌலி இரும்புத் தூண் தன்னிலுள்ள பாஸ்பரஸின் உதவியால் உண்டான மெல்லிய காப்புப் படலத்தைப் போர்த்து, சுமார் 1600 வருஷங்களாகத் துருவை எதிர்த்து நிற்கிறது. என்ஜின் பிளாக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் காப்பு நம் கையில் இருக்கிறது. பழைய வண்டிகளைப் போற்றும் அன்பர்கள் கிணற்று நீரை விலக்கி, காய்ச்சி வடித்த நீரில் துருவைத் தடுக்கும் கூலன்ட் கலந்து ஊற்றுவார்களாக. நன்றாக ஓடக்கூடிய ஓர் என்ஜினைப் பழைய இரும்புக்கு எடைபோடும் அவலம் அதனாலேயே பெரும்பாலும் தவிர்க்கப்படும்.