தர்மசங்கடத்தை எழுதுவது

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றை இழந்தாக வேண்டும் என்ற இக்கட்டில் ஒரு பாத்திரம் மாட்டிக்கொள்ளும்போது நல்ல சிறுகதை ஒன்றுக்கான கரு கிடைத்துவிடுகிறது. நல்லதா, கெட்டதா என்ற கேள்வி மட்டும் போதாது. அதற்கான விடை வாசகருக்கு முன்பே தெரியும். லஞ்சம் வாங்கலாமா, கூடாதா என்று யோசிக்கும் குமாஸ்தாவை எழுதினால் அது நீதிக்கதையாக முடிந்துவிடும். அதே குமாஸ்தாவின் தங்கை பிரசவ வலியோடு மருத்துவமனையில் கிடக்கிறாள், பணத்தோடு வந்தவரின் கோரிக்கையும் நியாயமானது, கையெழுத்துப் போட்டால் பாதிக்கப்படப்போவது தன்னை நம்பும் ஒரு மேலதிகாரி என்று வைத்தால் வாசகரும் தடுமாறத் தொடங்குவார். அவர் தடுமாறாத இடத்தில் பாத்திரம் மட்டும் தவித்துப் பயனில்லை.

நாவலாசிரியருக்கு இந்தத் தடுமாற்றத்தை இருபது அத்தியாயங்களுக்கு நீட்டிக்கும் வசதி உண்டு. சிறுகதைக்காரருக்குப் பத்துப் பக்கம்தான். அதனால் முடிவெடுக்கும் கணத்துக்கு வெகு அருகில் கதையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. பாத்திரத்தின் குடும்ப வரலாறும் இளமைக்காலமும் அந்தக் கணத்துக்குத் தேவைப்பட்டால் மட்டுமே உள்ளே வரலாம். புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'பொன்னகரம்' இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும் கதை. மில்லில் கூலி வேலை செய்யும் அம்மாளுவின் கணவன் முருகேசன் குதிரை வண்டிக்காரன். விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் அவன் பால் கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசில்லை. சந்தில் ஒருவன் நீண்ட நாளாக அவள்மேல் கண் வைத்திருக்கிறான். அம்மாளு என்ன நினைத்தாள் என்று புதுமைப்பித்தன் ஒரு பத்திகூட எழுதவில்லை. அவள் இருளில் மறைகிறாள். முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். மனப்போராட்டத்தை விவரித்து எழுதியிருந்தால் அவள்மீது பரிதாபம் வந்திருக்கும். விவரிக்காமல் விட்டதால் அவளைச் சூழ்ந்திருக்கும் நகரத்தின்மீது கோபம் வருகிறது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, வேறு வழிகள் எல்லாம் எப்படி அடைபடுகின்றன என்பது. கடன் கொடுக்க ஆளில்லை, கூலி இன்னும் கைக்கு வரவில்லை, நோயாளியின் பசி நாளைவரை காத்திருக்காது. புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பாத்திரத்தை நெருக்கடியில் நிறுத்திவிட்டு, அதன் துன்பத்தைத் தாங்க முடியாமல் தாங்களே பின்வாசலைத் திறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து மாமா வந்து சேர்கிறார். இரண்டு பெண்களுக்கு நடுவில் தவிப்பவனின் கதையில் ஒருத்தி விபத்தில் இறந்துபோகிறாள். விபத்து முடிவெடுத்துவிட்டால் பாத்திரத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது.

அமெரிக்க எழுத்தாளர் டாம் காட்வின் 1954இல் வெளியிட்ட 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' என்ற அறிவியல் புனைகதை இதற்கு நல்ல சான்று. நோயில் விழுந்த ஒரு குழுவுக்கு மருந்து கொண்டுபோகும் சிறு விண்கலத்தில், அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒரு பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள். கலத்தில் இருக்கும் எரிபொருள் ஓட்டுநரின் எடைக்கு மட்டுமே கணக்கிட்டது. அவளை வெளியேற்றாவிட்டால் கலம் விழும். மருந்துக்குக் காத்திருப்பவர்களும் சாவார்கள். காட்வின் அவளைக் காப்பாற்ற ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்து எழுதி அனுப்ப, பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பல் அதைத் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பினார் என்பது அந்தத் துறையில் பிரபலமான செய்தி. கடைசியில் அச்சான கதையில் அவள் பிழைக்கவில்லை. ஆனால் இந்தக் கதைமீது வைக்கப்படும் குற்றச்சாட்டும் நியாயமானதே. அவசரத்துக்குக்கூட மிச்சம் இல்லாமல் எரிபொருள் நிரப்பியது யார்? அந்தக் கலத்தில் யாரும் ஏற முடியாதபடி ஏன் பூட்டவில்லை? நெருக்கடி எழுத்தாளர் போட்ட கணக்காக மட்டும் தெரிந்தால் வாசகர் பாத்திரத்தை விட்டுவிட்டு எழுத்தாளரோடு வாதாடத் தொடங்கிவிடுவார். அம்மாளுவின் வறுமையை யாரும் அப்படிக் கேள்வி கேட்பதில்லை. அது புதுமைப்பித்தன் கற்பனையில் உண்டாக்கியது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

தமிழில் இந்த வகையில் மிக அதிகம் பேசப்பட்ட கதை, 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்'. மழை நாளில் பஸ்ஸுக்காக நிற்கும் கல்லூரி மாணவி, முன்பின் தெரியாத ஒருவன் நிறுத்திய காரில் ஏறுகிறாள். உலகம் அறியாத பெண். நடப்பது என்னவென்று புரிந்து தடுக்கும் தெம்பு அவளுக்கு இல்லை. நனைந்து நடுங்கி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதபடி சொல்லிவிடுகிறாள். அதுவரை மகளின் கதையாகப் போய்க்கொண்டிருந்தது அந்த இடத்தில் தாயின் கதையாக மாறுகிறது.

அந்தத் தாயின் நிலையை ஜெயகாந்தன் அமைத்திருக்கும் விதத்தை வரி வரியாகப் பார்க்கலாம். அவள் விதவை. குடியிருப்பது பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் ஒண்டுக்குடித்தன வீடு. ஒரு அறையில் இருமினால் அடுத்த அறையில் கேட்கும். மகள் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு முதலில் வருவது ஆத்திரம். அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் விசாரிக்கிறார்கள். உண்மையைச் சொல்லி அழுதால் நெஞ்சுப் பாரம் குறையும், ஆனால் மகளின் வாழ்க்கை அந்த முற்றத்திலேயே முடிந்துபோகும். மறைத்தால் அவள் அதுவரை நம்பி வந்த ஆசாரம் முழுவதையும் மீறியவளாகிறாள். இப்படித் தெப்பமாக நனைந்துகொண்டு வரலாமா என்றுதான் அடித்ததாக அவள் சமாளிக்கிறாள். அந்தப் பொய்தான் அவள் எடுத்த முடிவு. முடிவெடுத்துவிட்டாள் என்று கதை அறிவிப்பதில்லை; வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, மனம் பின்னால் வந்து சேர்கிறது.

பிறகு மகளைக் குளியலறைக்கு இழுத்துப் போய்த் தலையில் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றுகிறாள். அப்போதுதான் மகள் வாயில் எதையோ மென்றுகொண்டிருப்பதைப் பார்க்கிறாள். காரில் அவன் கொடுத்த சூயிங்கம். துப்பச் சொல்கிறாள். இவ்வளவு பெரிய விஷயத்தின் நடுவே இந்தச் சூயிங்கம் வருவது சாதாரணக் கைவேலை இல்லை. அந்தப் பெண் எவ்வளவு குழந்தை என்பதும், நடந்தது அவள் உடம்போடு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதும், அதைத் துப்பிவிட முடியும் என்ற தாயின் நம்பிக்கையும் அந்த ஒரு பொருளில் அடங்கிவிடுகின்றன.

கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஜெயகாந்தன் அதோடு விடவில்லை. தாய் வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு தினமணி கதிரில் தொடர்கதை எழுதினார். அது 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாக வந்து, 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. அதே மழை, அதே கார். நாவலில் தாய் வாய்விட்டுக் கதறிவிடுகிறாள். அண்ணன் அடித்து வீட்டைவிட்டுத் துரத்துகிறான். கங்கா என்ற அந்தப் பெண் படித்து, உத்தியோகத்துக்குப் போய், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒரு நாளின் நிழலிலேயே நடக்கிறாள். சிறுகதையே நாவலுக்குள் ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது; அதைப் படிக்கும் கங்காவின் தாய்க்குத் தான் என்ன செய்திருக்கலாம் என்பது காலம் கடந்து புரிகிறது. எடுத்த முடிவுக்கும் எடுக்காத முடிவுக்கும் ஒரே எழுத்தாளர் இப்படித் தனித்தனியாக உருவம் கொடுத்தது தமிழில் அபூர்வம்.

'அக்கினிப் பிரவேசம்' என்ற தலைப்பில் இருக்கும் நெருப்பு ஜெயகாந்தனுக்கு முன்பே தமிழ்ச் சிறுகதைக்குள் வந்துவிட்டது. 1943இல் வந்த புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தில், கல்லாயிருந்து மீண்ட அகலிகையிடம் சீதை தன் தீக்குளிப்பைப் பற்றிச் சொல்கிறாள். தன்னை மன்னித்த ராமனே சீதையிடம் அதைக் கேட்டானா என்று அதிரும் அகலிகை மறுபடி கல்லாகிப் போகிறாள். புராணத்தில் சாபமாக இருந்தது இங்கே அவளே எடுத்துக்கொள்ளும் முடிவாகிறது.

முடிவெடுப்பவர் நல்லவராகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தி. ஜானகிராமனின் 'பாயசம்' கதையில் வரும் சாமநாது பொறாமையால் வெந்துபோன கிழவர். சொந்தக்காரன் சுப்பராயனின் வீட்டுக் கல்யாணத்தில், தவலை நிறையக் காய்ச்சி வைத்த பாயசத்தை யாரும் இல்லாத நேரத்தில் கவிழ்த்துவிட்டு, அதில் எலி விழுந்து கிடந்ததாகச் சொல்கிறார். இறந்துபோன மனைவி வாலாம்பாளின் குரல் அவர் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மனசாட்சி என்ற பொதுச் சொல்லைக் கொண்டு எழுதியிருந்தால் யாருக்கும் நினைவில் நின்றிருக்காது. கூட வாழ்ந்த ஒருத்தியின் குரலாக அதை மாற்றியதால், அவர் யாரை மீறுகிறார் என்பது நமக்குத் தெரிகிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்பது அடுத்த கேள்வி. ஃபிராங்க் ஸ்டாக்டன் 1882இல் எழுதிய 'தி லேடி, ஆர் தி டைகர்?' கதையில், காதலன் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று இளவரசி சாடை காட்டுகிறாள். ஒன்றின் பின்னால் புலி, மற்றதன் பின்னால் அவன் மணக்க வேண்டிய வேறொரு பெண். எதைக் காட்டினாள் என்று சொல்லாமலே ஸ்டாக்டன் முடித்துவிடுகிறார். விவாதத்துக்குச் சுவையான கதைதான். ஆனால் படித்து முடித்தபின் புதிர் நிற்கிறதே தவிர இளவரசி நிற்பதில்லை.

வண்ணநிலவனின் 'எஸ்தர்' கதையிலும் ஒரு மௌனம் இருக்கிறது. அதன் தரமே வேறு. கொடும் பஞ்சத்தில் ஊரே காலியாகிக்கொண்டிருக்கிறது. எஸ்தர் சித்தியின் குடும்பமும் கிளம்ப வேண்டும். நடமாட முடியாத பாட்டியை அழைத்துப்போக வழியில்லை. கிளம்புவதற்கு முன் பாட்டி இறந்துகிடக்கிறாள். அந்த இரவில் நடந்ததைக் கதை நேராகச் சொல்வதில்லை. ஆனால் எஸ்தர் எப்படிப்பட்டவள், அந்த வீட்டின் சுமை முழுவதும் யார் தலையில் இருந்தது என்பதை வாசகர் அதற்குள் நன்றாக அறிந்திருக்கிறார். செயலைத்தான் வண்ணநிலவன் மறைக்கிறார், ஆளை மறைக்கவில்லை. பாட்டியின் கண்கள் பின்னாளிலும் எஸ்தருக்கு நினைவில் வருவதைச் சொல்லி முடிக்கும்போது, அந்த முடிவின் விலையும் தெரிந்துவிடுகிறது.

கலைஞனின் வேலை கேள்வியைச் சரியாக எழுப்புவதே, தீர்த்துவைப்பது அவன் கடமை ஆகாது என்று ஆன்டன் செக்கோவ் 1888இல் தன் பதிப்பாளர் சுவோரினுக்குக் கடிதம் எழுதினார். இதைச் சாக்காக வைத்து முடிவே இல்லாமல் கதையை நிறுத்துபவர்கள் உண்டு. மேலே பார்த்த தமிழ்க் கதைகளிலோ பாத்திரங்கள் எல்லாரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். சரியா தவறா என்ற தீர்ப்பு மட்டுமே வாசகருக்கு விடப்படுகிறது.

எழுதப் பழகுபவர்கள் 'அக்கினிப் பிரவேச'த்தையும் 'சில நேரங்களில் சில மனிதர்க'ளையும் இதே வரிசையில் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். சிறுகதையில் தாய் பொய் சொல்லும் இடத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவைத்து, அவள் என்ன சொல்வாள் என்று தாங்களே ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு ஜெயகாந்தன் எழுதியதைப் படிக்கட்டும்.