துணியில் வடிகட்டிய இரத்தம்

2009. இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்டம். வடக்கே வன்னிப் பகுதியின் முள்ளிவாய்க்காலில் எறிகணைகள் விழுந்துகொண்டிருந்தன. காயப்பட்டவரின் இரத்தத்தையே துணியில் வடிகட்டி, அவருக்கே திரும்ப ஏற்றினார்கள் மருத்துவர்கள். ஏன்? வேறு இரத்தம் இல்லை. சொந்த இரத்தமென்றால் வகை பொருந்துமா என்ற கவலையுமில்லை.

எப்படிப் பயன்படும்? நெஞ்சுக்குள் கசிந்து தேங்கிய இரத்தத்திலும் பெரும்பாலான சிவப்பணுக்கள் உயிர்ப்போடிருக்கும், ஆக்சிஜனைச் சுமக்கும். துணி உறைகட்டிகளைத் தடுக்கும்; கிருமிகளைத் தடுக்காது. குடல் கிழிந்து அசுத்தம் கலந்திருந்தால் பெரும் ஆபத்து. ஆனாலும் இரத்தம் வடிந்தே சாவதைவிட மேல்.

சேலைன் பைகள் மரக்கிளைகளில் தொங்கின. தரையில் கிடப்பவரைவிட ஒரு மீட்டர் உயரமிருந்தால் போதும், புவியீர்ப்பே திரவத்தைச் சிரைக்குள் தள்ளிவிடும். மின்சாரம் வேண்டாம்.

சில உறுப்பு நீக்கங்கள் மயக்கமருந்தின்றியே நடந்தன. மருத்துவமனைகளைத் தாக்கக் கூடாதென்கின்றன ஜெனீவா உடன்படிக்கைகள். வன்னியில் மருத்துவமனைகள் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டன.