முக்காலியில் அமர்ந்த பெண்

கிரேக்க நாட்டில், பர்னாசஸ் மலைச்சரிவில் டெல்ஃபி என்ற இடம் உள்ளது. பண்டைக் காலத்தில் மன்னர்கள்கூட அங்கிருந்த அப்பல்லோ கோவிலில் குறி கேட்ட பிறகே போர் தொடுத்தனர். குறி சொன்னவள் பித்தியா என்னும் பெண். காற்றோட்டம் குறைந்த உள்ளறையில், முக்காலிமேல் அமர்ந்து பேசுவாள்.

இந்தப் பெருமைக்கு அவள் கொடுத்த விலை என்ன? அக்கோவிலின் பூசாரியாக இருந்த புளூட்டார்க் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்துள்ளார். ஒருநாள் சகுனம் சரியில்லை, அவளுக்கும் விருப்பமில்லை. ஆனால் வெளியூர்த் தூதர்கள் காத்திருந்தனர். உள்ளே சென்றதும் அவள் குரல் கரகரத்தது. அலறியபடி வாயிலை நோக்கி ஓடிவந்து விழுந்தாள். தூதர்களும் பூசாரிகளும் அஞ்சி ஓடினர். சில நாட்களில் அவள் இறந்தாள்.

அறையில் சிலவேளை நறுமணம் வீசும் என்றும் புளூட்டார்க் கூறுகிறார். 2001இல் டிபூர், ஹேல் முதலிய அறிஞர்கள், கோவிலின் அடியில் இரு நிலப்பிளவுகள் குறுக்கிடுவதாகவும், அருகிலுள்ள ஊற்று நீரில் எத்திலீன் வாயு சிறிதளவு இருப்பதாகவும் தெரிவித்தனர். காய்களைப் பழுக்கச் செய்யும் அதே வாயுதான்! இனிய மணமுடையது; ஒரு காலத்தில் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்தாகவும் பயன்பட்டது. 2006இல் வேறு ஆய்வாளர்கள் இதை மறுத்தனர். மயக்கம் தருமளவுக்கு எத்திலீன் அங்கே உண்டாக வழியில்லை. மீத்தேனும் கரியமில வாயுவும் நிறைந்து ஆக்சிஜன் குறைந்திருக்கலாம் என்றனர்.

எந்த விளக்கம் சரியாயினும், மூடிய அறையே ஆபத்தை வளர்க்கிறது. அத்தகைய இடத்தில் தலைசுற்றினால் உடனே வெளியேறுங்கள். பிறருக்கு எதிர்காலம் சொன்னவளின் தயக்கத்தை அன்று ஒருவரும் பொருட்படுத்தவில்லையே!