மெய்நிகர் தொடர்துறையும் தமிழ் எழுத்தும்

துறை என்பது பழஞ்சொல். நீரில் இறங்கும் இடமும் கலம் வந்தடையும் இடமும் துறையே. கிள்ளானில் கப்பல்கள் வந்து சேரும் இடத்தைத் துறைமுகம் என்கிறோம். கணினிக்குள் தரவு நுழைந்து வெளியேறும் வாயிலுக்கும் இச்சொல் கலைச்சொல்லாக வழங்குகிறது. பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அனுப்பும் வாயில் தொடர்துறை எனப்படும். இதற்கான ஆர்.எஸ்.-232 என்னும் தரம் 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. எடைக்கருவி, ரசீது அச்சுப்பொறி, ஆய்வகக் கருவி முதலியவற்றில் அது இன்றும் நிலைத்திருக்கிறது.

தொடர்துறைக் கம்பி நெடுந்தொலைவு செல்லாது. கருவி கிள்ளானிலும் கணினி செலாயாங்கிலும் இருந்தால் என் செய்வது? கருவியின் அருகே ஒரு சிறு சேவையகத்தை வைத்து அதனை வலையமைப்பில் இணைப்பர். செலாயாங்குக் கணினியில் ஒரு மென்பொருள், உண்மையில் இல்லாத தொடர்துறை ஒன்றை இருப்பதுபோல் தோற்றுவிக்கும். அதுவே மெய்நிகர் தொடர்துறை. பயன்பாட்டு மென்பொருள் வேறுபாடறியாது அதனுடன் உரையாடும்.

இதனை அமைக்கச் சேவையகத்தின் வலை முகவரியும் துறை எண்ணும் வேண்டும். இங்கு ‘துறை’ இருபொருள் படுவதை மாணவர் கவனிக்க வேண்டும்: தொடர்துறை கருவியின் வாயில், துறை எண் வலையமைப்பு இணைப்பின் அடையாளம். அடுத்து, வேகம், தரவு பிட்டுகளின் எண்ணிக்கை, பாரிட்டி எனப்படும் சரிபார்ப்பு பிட், நிறுத்த பிட், ஓட்டக் கட்டுப்பாடு ஆகிய ஐந்தும் சேவையகத்திலும் கருவியிலும் ஒத்திருக்க வேண்டும்.

தரவை மட்டும் கடத்தும் எளிய முறையில், கணினியில் மாற்றும் அமைப்புகள் தொலைவிலுள்ள சேவையகத்தை எட்டுவதில்லை. அங்கேயே கையால் அமைக்க வேண்டும். 1997-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2217 என்னும் நெறிமுறை, டெல்நெட் வழியாக இந்த அமைப்புகளையும் சேர்த்து அனுப்ப வகைசெய்தது. டெல்நெட் செய்தியை மறைகுறியாக்குவதில்லை. ஆதலின் இதனைப் பாதுகாப்பான உள்வலையமைப்புக்குள் வைத்துக்கொள்வதே தக்கது.

இனி, இவ்வமைப்பில் தமிழின் நிலையைக் காண்போம். கம்பியில் செல்வது எழுத்தன்று, எண். ‘தமிழ்’ என்னும் சொல்லில் நாம் காணும் எழுத்துகள் 3. யூனிகோடில் அவை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் பெறுவதால் மொத்தம் 15 பைட். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில், தொடக்க, நிறுத்த பிட்டுகளையும் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட் எனக் கொண்டால், ஒரு விநாடியில் 960 பைட் செல்லும். அதாவது ‘தமிழ்’ 64 முறை.

தகரத்தின் 3 பைட்டுகள் 224, 174, 164 ஆகும். மூன்றும் 127-க்கு மேற்பட்டவை. ஆகவே எட்டாவது பிட் இன்றியமையாதது. தரவு பிட்டுகள் 7 என அமைந்திருந்தால் அந்தப் பிட் வெட்டுண்டு, ஒவ்வோர் எண்ணிலும் 128 குறையும். 96, 46, 36 என்பனவே மறுமுனையை அடையும். அவை ஒரு சாய்கீற்று, ஒரு முற்றுப்புள்ளி, ஒரு டாலர் குறி. ஆங்கில எழுத்துகளோ 127-க்குள் அடங்குவதால் ஊறின்றிச் சேரும். இதைக் காண்பவர், “கருவிக்குத் தமிழ் வராது” என்று முடிவு கட்டிவிடுவர். குறை தமிழில் இல்லை. ஓர் அமைப்பில் இருக்கிறது.

இச்சிக்கல் யூனிகோடுக்கு முன்பும் இருந்தது. 1990-களில் இணையவழிக் கலந்தாய்வில் உருவான திஸ்கி குறியீட்டில் ‘தமிழ்’ 4 பைட்டில் அடங்கியது. ஆயினும் ஆங்கிலம் கீழ்ப்பாதியிலும் தமிழ் மேற்பாதியிலும் இடம்பெற்றதால், அதற்கும் எட்டு பிட்டும் தேவைப்பட்டன. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடிய காலத்தில், குறியீட்டுத் தரம் தமிழ்க் கணிமையாளரிடையே முதன்மையான விவாதப் பொருளாக இருந்தது. தரம் வகுப்பதோடு பணி முடிவதில்லை. வகுத்த எண்கள் சிதையாமல் செல்லும் வழியும் வேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டத்தக்க சோதனை ஒன்றுண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லையும் ஓர் ஆங்கிலச் சொல்லையும் அனுப்பி, மறுமுனையில் பைட்டுகளை எண்ணுக. இரண்டும் சிதைந்திருந்தால் வேகத்தையும் பாரிட்டியையும் பார்க்க வேண்டும். ஆங்கிலம் சரியாக வந்து, தமிழ் 96, 46, 36 எனத் தொடங்கினால், தரவு பிட்டுகளை 8 ஆக்க வேண்டும். 15 பைட்டும் பழுதின்றி வந்தும் கட்டங்களே தெரிந்தால், வழியில் குறையில்லை. காட்டும் கருவியில் தமிழ் எழுத்துருவோ யூனிகோடை அறியும் திறனோ இல்லை. அத்தகைய அச்சுப்பொறிக்கு உரையைப் படமாக்கி அனுப்பலாம். எழுத்து எங்கே தடைப்படுகிறது என்பதை இவ்வாறு பிரித்தறியக் கற்ற மாணவர், தமிழைக் கைவிடாமல் அமைப்பைத் திருத்துவர்.